கடல் கப்பலுக்கு எதற்குக் கால்வாய்? தூரம் மட்டும் காரணம் இல்லை

நீங்கள் கேட்டிருந்தது இது: "சூயஸ், பனாமா தவிர பெருங்கடல் கப்பல்கள் போகிற கால்வாய்கள் வேறு உண்டா? எல்லாமே தூரத்தைக் குறைக்கத்தானே? அப்படியானால் இன்னும் பத்து இடத்தில் ஏன் வெட்டவில்லை?" மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். இவ்வளவு மண்ணையும் பாறையையும் தோண்டிக் கப்பலுக்கு வழி விட யார் மெனக்கெடுகிறார்கள், எதற்காக? நான் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் டெக் அதிகாரியாக இருந்தவன். சூயஸில் எத்தனை முறை போனேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். பனாமா ஏழு முறை, ஜெர்மனியின் கீல் கால்வாய் சில முறை. எல்லாவற்றையும் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், நின்று பார்த்தவன், அவ்வளவுதான். கட்டுமானப் பொறியாளன் இல்லை, பொருளாதாரமும் படித்ததில்லை. நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். உள்நாட்டுக் கால்வாயில் போவது தட்டையான பாரப்படகு. கடல் கப்பல் துறைமுகத்தில் நின்றுவிடும், சரக்கை இறக்கிப் படகில் ஏற்றி உள்ளே கொண்டுபோவார்கள். கப்பல் கால்வாயில் கடலில் வந்த அதே கப்பல், அதே சரக்கோடு, மூடியைக்கூடத் திறக்காமல் உள்ளே போகும். இறக்கி ஏற்றும் செலவு மிச்சம், திருட்டும் சேதாரமும் மிச்சம். தூரம் மிச்சமாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் பல கால்வாய்களில் இந்த இரண்டாவது மிச்சத்துக்குத்தான் பணம் போட்டிருக்கிறார்கள்.

தூரத்துக்காகவே வெட்டியது என்றால் சூயஸ்தான் சுத்தமான உதாரணம். லண்டனில் இருந்து மும்பைக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றினால் சுமார் 10,700 கடல் மைல். சூயஸ் வழியாக 6,300 சொச்சம். 1869 நவம்பர் 17ஆம் தேதி திறந்தார்கள். அன்றைக்கு ஆழம் 8 மீட்டர், அடியில் அகலம் 22 மீட்டர். இன்று ஆழம் 24 மீட்டர், நீளம் 193 கிலோமீட்டர். நடுவில் ஒரு லாக்கும் கிடையாது. லாக் என்றால் கதவு போட்ட தொட்டி. உள்ளே தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ கப்பலை வேறு மட்டத்துக்குக் கொண்டுபோவது. நீர்ப்பூட்டு என்றும் எழுதுகிறார்கள். சூயஸில் அது தேவைப்படாது என்று நம்பவே கொஞ்ச காலம் பிடித்தது. நெப்போலியன் எகிப்துக்குப் போனபோது அவருடைய பொறியாளர்கள் அளந்துவிட்டு, மத்தியதரைக் கடலைவிடச் செங்கடல் சுமார் 10 மீட்டர் உயரம் என்று எழுதி வைத்தார்கள். அது தவறு என்று 1847இல் மறுபடி அளந்து காட்டினார்கள். ஒரு சர்வே பிழை ஒரு திட்டத்தை அரை நூற்றாண்டு பயமுறுத்தியது.

சூயஸ் எல்லாக் கப்பலுக்கும் உதவியது என்று நினைக்க வேண்டாம். செங்கடலின் வடபாதியில் பெரும்பாலும் வடக்கில் இருந்துதான் காற்று. பாய்மரக் கப்பல் அங்கே எதிர்க்காற்றில் ஏறித் திணற வேண்டும், கால்வாய்க்குள் இழுவைப் படகுக்குக் கூலி கொடுக்க வேண்டும். நீராவிக் கப்பலுக்கு இரண்டு தொல்லையும் இல்லை. தேயிலை ஏற்றக் கட்டிய புகழ்பெற்ற பாய்மரக் கப்பலான 'கட்டி சார்க்' (Cutty Sark) ஸ்காட்லாந்தில் தண்ணீரில் இறங்கியது 1869 நவம்பர் 22ஆம் தேதி. கால்வாய் திறந்து ஐந்தே நாள்! அந்தக் கப்பலைக் கட்டியவர்களை நினைத்தால் இன்றைக்கும் பாவமாகத்தான் இருக்கிறது.

பனாமாவுக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. நியூயார்க்கில் இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் தென் அமெரிக்காவைச் சுற்றினால் 13,000 கடல் மைல், கால்வாய் வழியாக 5,300க்குள். வியாபாரக் காரணம் இதுவே போதும். ஆனால் அமெரிக்க அரசைத் தள்ளிவிட்டதில் கடற்படைக்குப் பெரிய பங்கு உண்டு. 1898இல் ஸ்பெயினோடு போர் மூளும் நிலை வந்தபோது ஓரிகன் என்ற போர்க்கப்பலைப் பசிபிக் கரையில் இருந்து கிழக்குக் கரைக்கு வரச் சொன்னார்கள். தென்முனையைச் சுற்றி வந்து சேர 66 நாள் ஆயிற்று. நாடே பத்திரிகையில் அந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்தது. இரண்டு கடலுக்கு இரண்டு கடற்படை வைத்திருப்பதா, நடுவில் ஒரு வழி வெட்டுவதா என்ற கேள்வி அதற்குப் பிறகு விவாதமாகவே இருக்கவில்லை. 1881இல் தொடங்கிய பிரெஞ்சுக் கம்பெனி 1889இல் திவாலானது. 1904இல் அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 1914 ஆகஸ்ட் 15இல் திறந்தது. 1999 கடைசி நாளில் பனாமா நாட்டின் கைக்கு வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் சூயஸ் மாதிரி கடல் மட்டத்திலேயே வெட்டப் பார்த்தார்கள். மலையும் மழையும் மஞ்சள் காய்ச்சலும் விடவில்லை. அப்புறம் வந்தவர்கள் சாக்ரெஸ் ஆற்றுக்கு அணை போட்டு, கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே கட்டூன் என்ற ஏரியை உண்டாக்கி, கப்பலை ஏற்றி இறக்கும் வழியைப் பிடித்தார்கள். மூன்று படி ஏற்றம், மறுபக்கம் மூன்று படி இறக்கம்.

அந்தப் படிகளை ஒருமுறை அருகில் காட்டுகிறேன். பழைய லாக்கின் அகலம் 33.5 மீட்டர். நான் போன கப்பலின் அகலம் 32.2. ஒவ்வொரு பக்கமும் அறுபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பிரிட்ஜின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தால் கப்பலின் இரும்புக்கும் சுவரின் கான்கிரீட்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடுதான் தண்ணீர். இத்தனை பெரிய ஏற்பாட்டில் முதல் கயிற்றைக் கப்பலுக்குக் கொண்டுவருவது யார் தெரியுமா? துடுப்புப் போடுகிற சின்னப் படகில் இரண்டு பேர்! அந்தக் கயிற்றோடு இரும்பு வடம் மேலே வரும். வடத்தின் மறுமுனை சுவர்மேல் தண்டவாளத்தில் ஓடும் இழுவை என்ஜினில். அதைக் கோவேறு கழுதை என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பல் முன்னே போவது தன் சொந்த என்ஜினில்தான். கழுதைகளின் முக்கிய வேலை அதை நடுவில் பிடித்து வைப்பது. கதவு மூடும், எட்டு பத்து நிமிடத்தில் கப்பல் மேலே வந்துவிடும். பம்பு கிடையாது. ஏரியில் இருந்து தண்ணீர் தன் போக்கில் இறங்கி நிரப்புகிறது. அப்படி ஒரு கப்பல் கடலில் இருந்து கடலுக்குப் போய் முடிக்கும்போது சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போயிருக்கும். மழை பொய்த்த 2023இல் ஒரு நாளைக்குப் போகும் கப்பல்களின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டியதாயிற்று. அந்த நவம்பரில் வரிசையில் முந்திப் போகும் ஓர் இடம் ஏலத்தில் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலருக்குப் போனது, வழக்கமான கட்டணம் தனி. இன்னொரு சின்ன வேடிக்கை: அட்லாண்டிக்கில் நுழைந்து பசிபிக்கில் வெளியே வரும்போது நீங்கள் நுழைந்த இடத்துக்குக் கிழக்கே இருப்பீர்கள். நிலம் அங்கே அப்படி வளைந்து கிடக்கிறது. புதிதாகச் சேர்ந்த கேடட்டுகளிடம் இதைச் சொல்லிப் பந்தயம் கட்டுவது வழக்கம்.

போர்க்கப்பல் காரணம் இன்னும் பச்சையாகத் தெரிவது கீல் கால்வாயில். வட கடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் 98 கிலோமீட்டர். 1895இல் திறந்தது. டென்மார்க்கின் வடமுனையைச் சுற்றுவதை ஒப்பிட்டால் சராசரியாக 250 கடல் மைல் மிச்சம், அதாவது ஒரு நாள்கூட இல்லை. ஆனால் ஜெர்மன் கடற்படை டென்மார்க்கை ஒட்டிய ஜலசந்திகளைத் தொடாமல் ஒரு கடலில் இருந்து இன்னொரு கடலுக்குத் தன் நிலத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம். 1906இல் பிரிட்டன் டிரெட்நாட் என்ற பெரிய போர்க்கப்பலை இறக்கியதும் ஜெர்மனியும் அந்த அளவுக்குக் கட்ட வேண்டியதாயிற்று. கட்டினால் கால்வாயில் நுழையாது. 1907இல் அகலப்படுத்தத் தொடங்கி 1914 ஜூனில் முடித்தார்கள். அதற்கு அடுத்த மாதம் கடைசியில் உலகப் போர். இன்றைக்கு அந்தக் கால்வாயில் போவது பெரும்பாலும் கன்டெய்னரும் தானியமும் ஏற்றிய நடுத்தரக் கப்பல்கள். எண்ணிக்கையில் உலகின் மிக நெரிசலான கடல் கால்வாய்களில் ஒன்று. இங்கே சுக்கான் பிடிக்கவும் கால்வாய்க்கென்றே பயிற்சி பெற்ற ஆள், பைலட்டோடு (அந்த நீர்வழி தெரிந்த வழிகாட்டி) ஏறுவார். நம் ஆள் ஓரமாக நின்று காப்பி குடிப்பார்.

இனி கடல்களை இணைக்காத கால்வாய்கள். கடலை ஊருக்குக் கூட்டிவரும் கால்வாய்கள் என்று சொல்லலாம். எனக்கு மிகவும் பிடித்தது மான்செஸ்டர். பஞ்சாலைகளின் தலைநகரம், ஆனால் கடல் இல்லை. பஞ்சு லிவர்பூலில் இறங்கி ரயிலில் வரும். லிவர்பூல் துறைமுகமும் ரயில் கம்பெனிகளும் கேட்ட கட்டணத்தைக் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போன மான்செஸ்டர் வியாபாரிகள், கப்பலையே வீட்டு வாசலுக்கு வரவழைக்க முடிவு செய்தார்கள். 58 கிலோமீட்டர், 1894இல் திறந்தது. இதில் எந்தப் பயணமும் குறையவில்லை. பக்கத்து ஊரை மீறிக்கொண்டு போவதுதான் நோக்கம். வழியில் பார்ட்டன் என்ற இடத்தில் ஏற்கெனவே ஒரு படகுக் கால்வாய் குறுக்கே போயிற்று. அதைத் தொட்டிப் பாலமாக்கி, கப்பல் வரும்போது இரு முனையையும் அடைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரோடு அப்படியே பக்கவாட்டில் திருப்பினார்கள். தண்ணீரோடு 1,450 டன். அந்த ஊர் ஒரு காலத்தில் பிரிட்டனின் மூன்றாவது பெரிய துறைமுகமாகவும் இருந்தது. பிறகு கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போக, 1982இல் மேல்முனைத் துறைகளை மூடினார்கள்.

ஆம்ஸ்டர்டாமும் இதே ரகம். அது தொடர்ந்து பணம் போட்டுக்கொண்டே இருக்கிறது. 1824இல் ஒன்று, 1876இல் இன்னும் நேரான வட கடல் கால்வாய், அதன் வாயிலில் 2022இல் திறந்த ஐமுய்டன் லாக். 500 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். கடல் லாக்குகளில் இவ்வளவு பெரிது வேறு இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் 1914இல் சுமார் 80 கிலோமீட்டருக்குத் தூர்வாரித் தன்னைத் துறைமுகமாக்கிக்கொண்டது. அங்கே எதிரெதிரே வரும் இரண்டு பெரிய கப்பல்கள் கடக்கும் விதத்தை முதல் முறை பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. தடத்தின் நடுவில்தான் ஆழம் என்பதால் இரண்டும் மூக்குக்கு நேராக வரும். அரை மைல் இருக்கும்போது இரண்டும் வலப்பக்கம் லேசாகத் திருப்பும். முன்னே தள்ளிக்கொண்டு வரும் தண்ணீரே மூக்குகளை விலக்கிவிடும். பிறகு ஒன்றின் பின்பக்கத்து இழுப்பு மற்றதை மறுபடி நடுவுக்குக் கொண்டுவரும். 'டெக்சாஸ் சிக்கன்' என்று பெயர். பைலட் இதைச் செய்தபடியே எங்களிடம் வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ரகம் தடையைத் தாண்டுவது. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் வெல்லண்ட் கால்வாய், நயாகரா அருவியைச் சுற்றி 43 கிலோமீட்டரில் எட்டு லாக்குகளால் கப்பலைச் சுமார் 100 மீட்டர் ஏற்றுகிறது. 1959இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழியும் திறந்தபின் அட்லாண்டிக் கப்பல் கண்டத்தின் நடுவில் உள்ள ஏரிகள் வரை போகிறது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

ஹூஸ்டன் கதையில் வந்த அந்தத் தள்ளலும் இழுப்பும் எல்லாக் கால்வாய்க்கும் பொது. கடலில் கப்பலைச் சுற்றித் தண்ணீர் தாராளமாக இருக்கிறது. கால்வாயில் கப்பல் நகரும்போது முன்னிருக்கும் தண்ணீர் பக்கத்துச் சந்தின் வழியாகத்தான் பின்னுக்கு ஓட வேண்டும். சந்து குறுகலானால் ஓட்டம் வேகமாகும், அழுத்தம் குறையும். கப்பல் தன் மட்டத்தைவிடக் கீழே அமுங்கும். வேகம் இரட்டித்தால் அமுங்குவது ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு கரைக்கு அருகே போனால் பின்பக்கம் கரையை நோக்கி இழுபடும், மூக்கு எதிர்க்கரைக்குத் திரும்பும். சுக்கானை வைத்துத் தடுக்கலாம். ஆனால் சுக்கான் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் வேகம் வேண்டும், வேகம் கூடினால் இழுப்பும் கூடும். 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீள எவர் கிவன் சூயஸில் குறுக்கே மாட்டி ஆறு நாள் கிடந்ததே, அங்கே பலத்த காற்று அடித்தது என்பதில் சந்தேகம் இல்லை. கரை இழுப்பும் சேர்ந்திருக்கும் என்பது என்னைப் போன்றவர்களின் கணிப்பு. எது எத்தனை பங்கு என்பதில் தொழில் தெரிந்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

வேறு சில விஷயங்களிலும் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தேதி, நீளம், ஆழம் எல்லாம் பதிவில் இருப்பவை. செத்தவர்களின் எண்ணிக்கை அப்படி இல்லை. பனாமாவில் பிரெஞ்சுக் காலத்தில் 22,000 பேர் என்று அடிக்கடி படிப்பீர்கள். அது மதிப்பீடுதான், ஏனென்றால் மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்களை யாரும் ஒழுங்காகக் கணக்கெடுக்கவில்லை. சூயஸ் தோண்டும்போது 1,20,000 பேர் இறந்ததாகச் சொல்லும் எண்ணுக்கு ஆதாரம் இன்னும் பலவீனம். ஆரம்ப ஆண்டுகளில் எகிப்திய விவசாயிகளைக் கட்டாயப்படுத்தித் தோண்ட வைத்தார்கள் என்பது மட்டும் உறுதி. அதேபோல "சூயஸ் கால்வாயைப் பார்வோன்களே வெட்டிவிட்டார்கள்" என்பதும் பாதி உண்மை. பழங்காலக் கால்வாய் ஒன்று இருந்தது, பாரசீக மன்னன் தாரியஸ் அதைப் பற்றிக் கல்லில் எழுதியும் வைத்தான். ஆனால் அது இணைத்தது நைல் நதியையும் செங்கடலையும், இரண்டு கடல்களை அல்ல.

சரி, இன்னும் பத்து இடத்தில் ஏன் வெட்டவில்லை? ஒரு காரணம், கப்பல் வளர்ந்துகொண்டே போகிறது. பனாமாவின் பழைய லாக்கை வைத்துத்தான் பல்லாண்டு உலகம் முழுக்கக் கப்பல் கட்டினார்கள், அந்த அளவுக்குப் பனாமாக்ஸ் என்றே பெயர். பிறகு அதில் நுழையாத கப்பல்கள் பெருகியதும் 55 மீட்டர் அகலத்தில் புது லாக்குகள் கட்டி 2016இல் திறக்க வேண்டியதாயிற்று. இன்னொரு காரணம், கால்வாயை மூட முடியும். 1967 அரபு-இஸ்ரேல் போரில் சூயஸ் மூடி எட்டு வருடம் கழித்து 1975இல்தான் திறந்தது. கால்வாயின் வழியில் உள்ள பெரும் கசப்பு ஏரியில் மாட்டிக்கொண்ட 14 கப்பல்களின் மாலுமிகள் சங்கம் வைத்து, சொந்தமாகத் தபால்தலை அச்சிட்டு, விளையாட்டுப் போட்டிகூட நடத்தினார்கள். கடைசியில் சொந்த என்ஜினில் ஊர் திரும்பியவை இரண்டு ஜெர்மன் கப்பல்கள்தான். வெளியே எண்ணெய்க் கம்பெனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றினாலும் கட்டுப்படியாகிற அளவுக்குப் பெரிய டாங்கர்களைக் கட்டிக்கொண்டன. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியபோதும் பெரிய கன்டெய்னர் கம்பெனிகள் அதே பழைய வழிக்குத்தான் திரும்பின.

மீதி வெறும் கணக்கு. தாய்லாந்தின் க்ரா நிலஇடுக்கில் வெட்ட வேண்டும் என்ற பேச்சு நூற்றாண்டுகளாக ஓடுகிறது. அதிகபட்சம் மிச்சம் சுமார் 1,200 கிலோமீட்டர், அதாவது 650 கடல் மைல். பதினான்கு நாட் (மணிக்குப் பதினான்கு கடல் மைல்) வேகத்தில் இரண்டு நாளுக்கும் குறைவு. கால்வாய் வாசலில் காத்திருப்பது, உள்ளே மெதுவாகப் போவது, பைலட், இழுவைப் படகு எல்லாம் கழித்தால் ஒரு நாள் தேறும். அந்த ஒரு நாள் எரிபொருளுக்கு மேல் கட்டணம் வைத்தால் எந்தக் கேப்டனும் நேரே இப்போதைய வழியான மலாக்கா ஜலசந்திக்குத்தான் போவார். நிகராகுவாவில் ஒரு சீனத் தொழிலதிபருக்கு 2013இல் உரிமை கொடுத்து, 2014இல் தொடக்க விழாவும் நடத்தினார்கள். கால்வாய் வரவில்லை, 2024இல் உரிமையையே ரத்து செய்துவிட்டார்கள்.

வெட்டி முடித்தும் கணக்கு தவறிய இடம் பார்க்க வேண்டுமானால் கிரேக்கத்தின் கொரிந்துக்குப் போங்கள். ரோமச் சக்கரவர்த்தி நீரோ கி.பி. 67இல் தொடங்கிய வேலை பாதியில் நின்றுபோனது. 1893இல்தான் முடித்தார்கள். ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம், இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, சில இடத்தில் 79 மீட்டர் உயரம். மேலே பாலத்தில் நின்று பார்த்தால் யாரோ கத்தியால் கீறியது மாதிரி இருக்கும். ஆனால் அடியில் அகலம் 21 மீட்டர், ஆழம் 8 மீட்டர். பாறை அடிக்கடி சரிந்து விழும். உள்ளே ஓட்டமும் காற்றும் சேர்ந்து கப்பலை அலைக்கழிக்கும். கம்பெனி எதிர்பார்த்த போக்குவரத்து வரவே இல்லை. இப்போது அங்கே அதிகம் போவது உல்லாசப் படகுகள்.